இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே



நமது டயாலிசிஸ் பிரிவுக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கை எவ்விதம் பயன்படுகிறது என்று சபைகளுக்குச் செல்லும்போதெல்லாம் கேட்கிறீர்கள். வரவு செலவுக் கணக்கை அலுவலகத்தார் அனுப்புவார்கள். நான் எழுத நினைத்தது வேறு. நான் மருத்துவனல்ல, நோயாளிகளின் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறவன். இத்தனை வருஷங்களில் மருத்துவர்களும் சிஸ்டர்மாரும் எனக்குப் பொறுமையாய்ச் சொல்லித்தந்ததை உங்களுக்கு ஒரு பாடமாக எழுதுகிறேன். எழுதுவதற்குக் காரணம், நான் செய்த ஒரு தவறு.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அன்று பெய்த மழையைத் தாம்பரத்தில் இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலை வரையுள்ள 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்ட குடும்பங்களுக்கு நமது வாலிபர்கள் உணவுப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். புளியோதரை, ஒரு துண்டு ஊறுகாய், அப்பளம், வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். அங்கே சுவரோரமாகச் சாய்ந்திருந்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சகோதரர். செவ்வாயும் வெள்ளியும் நம்மிடம் டயாலிசிஸுக்கு வருகிறவர். உயிரோடு பார்த்த சந்தோஷத்தில் ஒன்றுக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தேன். "சாப்பிடுங்க, தெம்பா இருக்கணும்" என்று வேறு சொன்னேன்.

அவர் கடைசியாக டயாலிசிஸ் செய்துகொண்டது நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை வரமுடியவில்லை. வியாழக்கிழமை மாலை படகிலும் பிறகு ஒரு லாரியிலுமாக ஏற்றிக் கொண்டுவந்தார்கள். படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். மேல் இரத்த அழுத்தம் 220. எடை மெஷினில் நிறுத்தியபோது தன் வழக்கமான எடைக்கு மேல் 6 கிலோ. அந்த 6 கிலோவும் தண்ணீர். ஆக்ஸிஜன் வைத்து, மெஷினில் போட்டு, அன்றிரவும் மறுநாளும் நீரை இறக்கிய பின்தான் அவரால் தலையணையில் சாய முடிந்தது. சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஐயா, பொட்டலத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இப்போது பாடத்துக்கு வருவோம்.

சிறுநீரகம் செய்யும் வேலைகளில் நமக்குத் தெரிந்தது கழிவை நீக்குவது. அதற்குச் சமமான இன்னொரு வேலை, உடலிலுள்ள உப்பையும் நீரையும் அளவாக வைத்திருப்பது. நாம் ஒரு சொம்பு தண்ணீர் அதிகம் குடித்தால் அது சிறுநீராக வெளியேறிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு, நாளாக நாளாகச் சிறுநீரே குறைந்து நின்றுபோகிறது. உள்ளே போனது உள்ளேயே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. முதலில் கால் வீங்கும், முகம் ஊதும். இரத்தக்குழாய்களில் நீர் கூடுவதால் அழுத்தம் ஏறும். கடைசியில் நுரையீரலில் நீர் இறங்கும். வருஷக்கணக்கில் இந்தச் சுமையைத் தள்ளித்தள்ளி இருதயச் சுவர் தடித்துப்போகிறது. டயாலிசிஸ் நோயாளிகளில் அநேகர் மரிப்பது சிறுநீரகத்தினால் அல்ல, இருதயத்தினால்.

உடலில் கூடுதல் நீர் இல்லாதபோது ஒருவருக்கு இருக்கவேண்டிய எடையை 'ட்ரை வெயிட்' என்பார்கள். உலர்ந்த எடை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் டயாலிசிஸ் முடியும்போது நோயாளி அந்த எடைக்கு இறங்கவேண்டும். அடுத்த முறை வரும்போது அதற்குமேல் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்து அவ்வளவு நீரை மெஷின் எடுக்கும். நமது நோயாளிகளிடம் நான் விசாரிக்கும் முதல் கேள்வி இப்போதெல்லாம் "சுகமா?" என்பதல்ல, "எத்தனை கிலோ?" என்பதுதான்.

அப்படியானால் தண்ணீரைக் குறைத்தால் போதுமே என்று தோன்றும். நானும் நெடுங்காலம் அப்படியே எண்ணியிருந்தேன். சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் "குடிக்காதீங்க" என்று புத்தி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு மோர் குடித்தவன் நான். ஒருநாள் ஒரு நோயாளியின் மனைவி அழுதுகொண்டு, "ஐயா, நான் அவருக்குத் தண்ணியே கொடுக்கலைங்க. டம்ளரை மறைச்சு வச்சிட்டேன். ராத்திரி எழுந்து குழாய்ல குடிச்சிருக்காருங்க" என்றார்கள். பக்கத்திலிருந்த மருத்துவர் அந்த அம்மாவிடம், "மறைக்க வேண்டியது டம்ளரை இல்லம்மா, உப்பு ஜாடியை" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தப் பாடத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. நம் இரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஒரு குறிப்பிட்ட அளவில்தான் இருக்க முடியும். சாப்பாட்டில் உப்பு கூடினால், அந்த அளவு திரும்பும் வரை மூளை தாகத்தை எழுப்பிக்கொண்டேயிருக்கும். ஏறக்குறைய 8 கிராம் உப்பு உள்ளே போனால், அது ஒரு லிட்டர் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். இதை மனவுறுதியால் வெல்லச் சொல்வது, மூச்சை அடக்கிக்கொண்டிரு என்று சொல்வதைப் போன்றது. ஆகவே "குடிக்காதே" என்பது பாதி ஆலோசனை. உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறைகிறது.

கணக்கைப் பாருங்கள். சிறுநீர் முற்றிலும் நின்றுபோன, 50 கிலோ உலர்ந்த எடையுள்ள ஒருவர் வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்துச் செவ்வாய்க்கிழமை திரும்ப வருகிறார். நடுவே நான்கு நாள். ஒரு நாளைக்கு 10 கிராம் உப்பு சாப்பிட்டால் 40 கிராம். அதற்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் சேரும். 5 கிராமுக்குள் நிறுத்தினால் இரண்டரை லிட்டர்தான். இனி மெஷினின் பக்கம் பார்ப்போம். ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்குமேல் நீரை எடுத்தால் இருதயத்துக்குக் கேடு என்று ஆய்வுகள் எச்சரிக்கின்றன. இவருக்கு 4 மணி நேரத்தில் அது 2600 மில்லி. அதாவது 5 கிராம்காரரின் நீரை ஒரே தடவையில் பத்திரமாக எடுத்துவிடலாம். 10 கிராம்காரருக்கு முடியாது. வேகமாக எடுத்தால் பி.பி. திடீரென்று விழும், கண் இருளும், கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சத்தம்போடுவார்கள். அப்போது சிஸ்டர் நீர் எடுப்பதை நிறுத்தி சலைன் கொடுக்கவேண்டி வரும். சலைன் என்பதே உப்புத்தண்ணீர். வீட்டுக்குப் போனதும் மறுபடி தாகம். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள், "டயாலிசிஸ் வேண்டாம், செத்தாலும் பரவாயில்லை" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முன்பு நான் அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டு ஜெபித்துவிட்டு வருவேன். இப்போது ஜெபித்துவிட்டு, மதியம் என்ன குழம்பு என்றும் கேட்கிறேன்.

இந்த நீண்ட இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் வாரம் மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்ளும் 32,000க்கு மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாரத்தில் ஒருமுறை வரும் அந்த இரண்டு நாள் இடைவெளிக்கு அடுத்த நாளில்தான் மரணமும் மாரடைப்பும் அதிகம் என்று கண்டார்கள். அங்கே இரண்டு நாள் இடைவெளிக்கே அப்படி. நம் நாட்டில் செலவையும் தூரத்தையும் உத்தேசித்து அநேகர் வாரம் இரண்டு தடவைதான் வருகிறார்கள். வாரத்தில் 168 மணி நேரம். அதில் 8 மணி நேரம் மெஷினில். மிச்சம் 160 மணி நேரம் வீட்டில்.

பி.பி.க்கு வருவோம். டயாலிசிஸ் நோயாளிகள் பலர் மூன்று, நான்கு வகை பி.பி. மாத்திரைகள் எடுக்கிறார்கள், அப்படியும் 180க்குக் கீழே இறங்காது. மாத்திரை சரியில்லை என்று மருந்துக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போன ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும். பெரும்பாலும் குறை மாத்திரையில் இல்லை. உடலில் தேங்கிய நீர் எடுபடாமல் இருப்பதே காரணம். இது புதிய கண்டுபிடிப்புமல்ல. 1960 மார்ச் மாதம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், கிளைட் ஷீல்ட்ஸ் என்னும் தொழிலாளிக்குத் தொடர் டயாலிசிஸை ஆரம்பித்தார். அதுவரை நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு என்றால் மரணம்தான். ஷீல்ட்ஸுக்கு மிகக் கடுமையான இரத்த அழுத்தம் இருந்தது. அக்காலத்தில் நல்ல மாத்திரைகள் கிடையாது. உப்பைக் கட்டுப்படுத்தி, மெஷினில் நீரை இறக்கியே அதைக் கீழே கொண்டுவந்தார்கள். அவர் 11 வருஷம் உயிரோடிருந்தார். பிற்பாடு பிரான்ஸ் தேசத்தில் டாஸ்ஸான் என்ற ஊரில், உப்புக் குறைந்த சாப்பாட்டோடு ஒரு தடவைக்கு 8 மணி நேரம் நிதானமாக டயாலிசிஸ் கொடுத்து, பெரும்பாலானவர்களை மாத்திரையே இல்லாமல் வைத்திருந்தார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், உலர்ந்த எடையை ஒரு கிலோ அளவு இறக்கியதிலேயே மேல் அழுத்தம் ஏறத்தாழ 7 புள்ளி கூடுதலாகக் குறைந்தது.

8 மணி நேரம் இங்கே நம்மால் இயலாது. காலையில் ஒருவர் எழுந்திருப்பதற்குள் அடுத்தவர் வெளியே காத்திருக்கிறார். ஆனால் உப்புக்குக் காசு செலவில்லையே!

சியாட்டிலைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெஷின்கள் ஒருசிலவே இருந்தபடியால், யாருக்கு டயாலிசிஸ் கொடுப்பது, யாரை விடுவது என்று தீர்மானிக்க அங்கே ஏழு பேர் கொண்ட ஒரு குழு வைத்தார்கள். அதில் ஒருவர் போதகர். 1962இல் அது பத்திரிகையில் வந்து பெரிய விவாதமாயிற்று. அந்த நாற்காலியில் உட்கார எனக்கு நேரிடவில்லை. அதற்காக நன்றி சொல்கிறேன். இன்று தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும், 2016 முதல் தேசிய டயாலிசிஸ் திட்டத்திலும் ஏழைகளுக்கு வழியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வயிற்றின் வழியே வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அந்தத் திரவப் பைகளை வீடுதேடிக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு நீர் தினமும் வெளியேறுகிறது. ஆகிலும் உப்பு விஷயத்தில் அவர்களுக்கும் விலக்கில்லை.

மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீரைச் சரியாக இறக்கத் தொடங்கினவுடனே பி.பி. குறைந்துவிடாது, சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். பொறுமை இழந்து மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ கூடாது. சில மாத்திரைகள் டயாலிசிஸில் இரத்தத்தோடு கழுவப்பட்டுப் போய்விடும், சில போகாது. டயாலிசிஸ் அன்று எதை முன்னே எடுப்பது, எதைப் பின்னே எடுப்பது என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். ஃபிஸ்டுலா போட்ட கையில் பி.பி. பார்க்கக் கூடாது. நலம் விசாரிக்க வரும் உறவினர்கள் அந்தக் கையைப் பிடித்து அமுக்குவதையும் பார்க்கிறேன். அதுவும் வேண்டாம்.

உலர்ந்த எடையும் கல்லில் எழுதினதல்ல. மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்த ஒரு தாயாருக்கு எடை பழையபடியே 46 கிலோ காட்டியது. எல்லாரும் நிம்மதியாயிருந்தோம். ஆனால் ராத்திரியில் இரண்டு தலையணை வைக்காமல் படுக்கமுடியவில்லை என்றார்கள். உடம்பில் சதை கரைந்திருக்கிறது. கரைந்த சதையின் இடத்தில் தண்ணீர் நிறைந்து தராசைச் சமன்செய்திருக்கிறது! உலர்ந்த எடையை மெதுவாக 43 வரை இறக்கினார்கள், மூச்சு சீரானது. அதற்குமுன் நான் "அம்மா, நல்லா தேறிட்டீங்க" என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன். அதேபோல, பசி எடுத்து நன்றாகச் சாப்பிடத் தொடங்கினவருக்குச் சதை கூடும். அவருக்குப் பழைய எடையையே பிடித்து இறக்கினால் தலைசுற்றிக் கீழே விழுவார். ஆகவே படுக்கும்போது மூச்சு முட்டுகிறதா, இருமல் வருகிறதா, செருப்பு இறுக்கமாகிறதா என்பதை வீட்டார் கவனித்துச் சொல்லவேண்டும். நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம், உட்காரவைத்தபடியே கொண்டுவாருங்கள்.

நமது சமையலறைக்கு வருகிறேன். இங்கேதான் சபையாருக்கு வேலை இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், மோர்மிளகாய், புளிக்காய்ச்சல், சிப்ஸ், மிக்சர், பாக்கெட் மசாலா, பேக்கரிப் பண்டம், ஓட்டல் சாம்பார்: இவையெல்லாம் உப்பைச் சுமந்து வருபவை. ஒரு தேக்கரண்டியை மட்டமாக அளந்தாலே 5 கிராமைச் சற்றுத் தாண்டிவிடும். ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். சோற்றுக்கு உப்புப் போடாமல் வடித்து, குழம்பில் பாதி உப்புப் போட்டு, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்துமல்லி ஆகியவற்றால் ருசி கூட்டலாம். முதல் இரண்டு வாரம் "மண்ணு மாதிரி இருக்கு" என்பார்கள். பிறகு நாக்கு பழகி, ஓட்டல் சாப்பாடு அவர்களுக்கே கரிக்கும்.

'இந்துப்பு கெடுதல் செய்யாது, கிரியாட்டினினைக் குறைக்கும்' என்று சொல்லி விற்கிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் கிடைப்பது இன்னும் ஆபத்து. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறினால் இருதயம் நின்றுவிடக்கூடும். இளநீரும் வாழைப்பழமும் அதனாலேயே கூடாது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் ஆசையாய் வாங்கிப்போகும் இரண்டுமே அவைதான்!

குடிக்கும் அளவு ஒவ்வொருவருக்கும் வேறு. நாளொன்றுக்குப் போகும் சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் வெயிலுக்கும் செய்யும் வேலைக்கும் ஏற்ப மருத்துவர் மாற்றிக் கொடுப்பார். காபி, ரசம், மோர், கஞ்சி, கூழ், ஐஸ்கிரீம், தர்ப்பூசணி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். காலையிலேயே ஒரு பாட்டிலில் அன்றைய அளவை ஊற்றி வைத்து, வேறு எதைக் குடித்தாலும் அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுவது நல்ல வழி. சின்ன டம்ளர், வாய் கொப்பளித்துத் துப்புதல், ஒரு துண்டு ஐஸ் வாயில் போட்டுக்கொள்ளுதல் உதவும். சர்க்கரை நோயும் உள்ளவருக்குச் சர்க்கரை ஏறினால், உப்பில்லாமலேயே தாகம் வரும், அதையும் பார்க்கவேண்டும். திருவிருந்தின் திராட்சரசத்தை எடுக்கலாமா என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாய் எடுங்கள், அதற்குப் பிறகு நடக்கும் அன்பின் விருந்துப் பிரியாணிக்குத்தான் பயப்படவேண்டும் என்றேன்.

சபைகளிடம் நான் கேட்டுக்கொள்வது இது. உங்கள் தெருவில், உங்கள் சபையில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் யார், எந்தெந்தக் கிழமையில் போகிறார்கள் என்று போதகரும் சங்கத்தாரும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறப்பதற்குமுன் அதைச் சரிபாருங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஆட்டோவுக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்து, அவர்களை முன்கூட்டியே அழைத்துவாருங்கள். வரமுடியாமல் போனால், அந்த நாட்களில் தண்ணீரைப் பாதியாகவும் உப்பைக் கூடியமட்டும் குறைவாகவும் வைக்கவேண்டும் என்று நினைப்பூட்டுங்கள். நிவாரணப் பொட்டலம் கட்டும்போது சிலவற்றை உப்பில்லாத சோறும் சர்க்கரையுமாகத் தனியே கட்டி, மேலே அடையாளம் போடுங்கள். உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியை இப்படிப்பட்ட அவசரக் கூடுதல் டயாலிசிஸுக்கென்று இப்போது ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எச்சரிக்கை வந்தபோது, நமது பிரிவில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மெஷினை நிறுத்தவில்லை. சிஸ்டர்மார் ஒவ்வொருவராகப் போன் செய்து கூப்பிட்டார்கள். முடிச்சூர்ச் சகோதரர் 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே வந்தார். ஏறியிருந்த எடை 1 கிலோ 900. திங்கட்கிழமை விடிந்தபோது அவர் தெருவில் மறுபடியும் இடுப்பளவு தண்ணீர். மாடி வீட்டில் புதன்கிழமை வரை இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை சிக்னல் கிடைத்ததும் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்கள். "ஐயா, யாரோ படகுல வந்து பொட்டலம் கொடுத்தாங்க. ஊறுகாயை எடுத்துத் தனியா வச்சிட்டேன். ராத்திரி ஒரே தலகாணியில படுத்தாருங்க" என்றார்கள்.